டம்ளருக்கு என்ன விலை, அம்மிணி?

அன்புள்ள அம்மிணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாலு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் மண்தான்: சின்னவள் பிடித்த யானை, மாப்பிள்ளை கைப்பிடி ஒட்டப் பழகியது, சம்பந்தியம்மா ஞாயிற்றுக்கிழமை டிவியை அணைத்துவிட்டு மண் சலிக்க உட்கார்ந்துவிடுவது. கடைசி அரைப் பக்கத்தில் போகிறபோக்கில் ஒரு வரி. “இதையே வீட்டுத் தொழிலா வெச்சுக்கலாம்னு எல்லாரும் சொல்றாங்க சித்தி, டம்ளர் 60 ரூபாய்னு போட்டாச் சரியா இருக்குமா, இல்ல 50-ஏ போதுங்களா?”

படித்ததில் நிறைந்த சந்தோஷம். ஆனால் பதில் அந்த ஒரு வரிக்குத்தான். 50-ம் வேண்டாம், 60-ம் வேண்டாம். ஏனென்று சொல்கிறேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் கடைசிவரை படி. பக்கத்தில் ஒரு பேனாவும் இருக்கட்டும். கணக்கு என்றாலே உனக்குக் கொட்டாவி வரும் என்பது தெரிந்துதான் சொல்கிறேன்.

நீ எப்படி 60-க்கு வந்தாய் என்பதை நானே சொல்லிவிடுகிறேன். மண்ணுக்கு இவ்வளவு, கிளேஸ் பூச்சுக்கு இவ்வளவு, கரண்டுக்கும் அட்டைப்பெட்டிக்கும் இவ்வளவு, ஆக அடக்கம் 30 ரூபாய். 60-க்கு விற்றால் பாதிக்குப் பாதி லாபம். இதுதானே? இந்தக் கணக்கில் ஆளே இல்லையே, அம்மிணி. மண்ணும் கரண்டும் தாமாகச் சேர்ந்து டம்ளர் ஆகிவிட்டதுபோல எழுதியிருக்கிறாய்.

உன் சின்னச் சூளையில் ஒரு சூட்டுக்கு 40 டம்ளர் கொள்ளும் என்று வைத்துக்கொள். மண்ணைக் கரைத்துச் சலித்து, துணியில் வடியவிட்டு, பிசைந்து உருண்டை பிடிக்க வேண்டும். வனைய வேண்டும். மறுநாள் கவிழ்த்து அடியைச் செதுக்க வேண்டும். திருப்பித் திருப்பிக் காயவைத்து முதல் சூடு. கிளேஸில் முக்கி அடியைத் துடைத்து இரண்டாம் சூடு. ஆறியபின் அடியைத் தேய்த்து, தண்ணீர் ஊற்றிக் கசிகிறதா என்று பார்த்து, சுற்றிக் கட்ட வேண்டும். நீங்கள் மாற்றி மாற்றிச் செய்தாலும் எல்லார் நேரத்தையும் கூட்டினால் 24 மணி நேரத்துக்குக் குறையாது. அதாவது 3 ஆள்நாள். போன வருசம் மாடிப்படி கட்டின கொத்தனாருக்கு என்ன கூலி கொடுத்தாய் என்பது உனக்கு நினைவிருக்கும். உன் கைக்கு நாளுக்கு 800 ரூபாய் போடுவோம். 2,400 ஆயிற்று. 40-இல் ஆறு கோணும், விரியும், தட்டோடு ஒட்டிக்கொள்ளும். விற்க 34 தேறும். டம்ளருக்குக் கூலி மட்டுமே 70 ரூபாய். மண், கிளேஸ், கரண்ட், பெட்டி எல்லாம் சேர்ந்து சூளைக்கு 1,000 ரூபாய் என்றால் இன்னொரு 30. அடக்கம் 100 வந்துவிட்டது. சூளைக் கம்பிச்சுருள் எரிந்துபோனால் மாற்றுகிற செலவு இதில் இல்லை. சேலத்துக் கடைக்காரர் ஒருவர் விற்றுத் தருகிறேன் என்று 100-க்கு 40 எடுத்துக்கொண்டால், உன் கைக்கு 100 வர 167 என்று எழுத வேண்டும். நீ 180 என்று எழுது.

800 ரொம்ப அதிகம் என்று தோன்றுகிறதா? சரி, குறைத்தே பார். 2025-26-இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் குறித்த நாள்கூலி 336 ரூபாய். அதைப் போட்டாலும் 3 நாளுக்கு 1,008, டம்ளருக்கு 30. மற்ற செலவு 30. அடக்கம் சரியாக 60. இத்தனை வருசம் பழகிய கைக்கு நூறு நாள் வேலைக் கூலியைப் போட்டுக்கொண்டு, கடைக்காரருக்கோ உடைசலுக்கோ ஒரு காசு மிஞ்சாத விலைக்கு விற்கப் பார்க்கிறாய். 50-ஏ போதுமா என்று வேறு கேட்கிறாய்!

“சந்தோஷத்துக்குச் செய்யறதுக்குப் போய் வீட்டு ஆளுக்கு யாராவது கூலி எழுதுவாங்களா?” என்று நீ கேட்பாய். எழுத வேண்டும். இங்கேதான் நீ சறுக்கப்போகிறாய் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சந்தோஷத்துக்குச் செய்யும்போது யாருக்கு எப்போது அலுக்கிறதோ அப்போது எழுந்து போகலாம். மாப்பிள்ளைக்கு மண் பிசையப் பிடிக்காது, சக்கரம்தான் பிடிக்கும் என்று நீயே எழுதியிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை விளையாட்டில் அது பெரிய விஷயமில்லை. வெள்ளிக்கிழமைக்குள் 34 டம்ளர் கட்டி அனுப்ப வேண்டும் என்று வந்துவிட்டால், பிடிக்காத வேலைகள் எல்லாம் யார் தலையில் போய் விழும்? சம்பந்தியம்மா தலையிலும் உன் தலையிலும்தான். அவர் முட்டிவலியோடு சலிப்பார், நீ ராத்திரி பதினோரு மணிக்கு அட்டைப்பெட்டி ஒட்டுவாய். மாப்பிள்ளை நல்லவர்தான், ஆனால் பார்க்க வருகிறவர்கள் சக்கரத்தின்முன் உட்கார்ந்திருப்பவரைத்தான் படம் பிடிப்பார்கள்.

இது புதிதாக வருகிற பிரச்சினையும் இல்லை. உன் வீட்டுக்கு முன்பே நம் பக்கத்தில் மண் வேலையைக் குடும்பத் தொழிலாகச் செய்தவர்கள் குயவர்கள். அந்த வீடுகளில் பெரும்பாலும் சக்கரம் ஆண்கள் கையில் இருந்தது. மண்ணை உடைப்பது, கல் பொறுக்குவது, சலிப்பது, காயவைப்பது, கூடையில் அடுக்கிச் சந்தைக்குச் சுமப்பது பெண்கள் வேலை. களத்தில் நெல் அளக்கும்போது பானைக்காரருக்கு என்று ஒரு பங்கு அளந்தார்கள். பானைக்காரர் மனைவிக்கு என்று யாரும் தனியாக அளக்கவில்லை. குடும்பத்துக்கு வருவது எல்லாருக்கும்தானே என்றார்கள். அதே பேச்சு உன் வீட்டிலும் வரும். வருவதற்கு முன் ஒரு நோட்டு வாங்கு. பெரியவர்கள் எல்லார் பெயரையும் தலைப்பில் எழுதி, யார் எந்த வேலையை எத்தனை மணி நேரம் செய்தார்கள் என்று அன்றன்றைக்குக் குறி. மாதக் கடைசியில் அந்த மணிக்கணக்கில் பணத்தைப் பிரி. சம்பந்தியம்மா கையில் அவர் பங்கைக் கொடு. “வீட்ல வெச்சிருக்கேன்” என்று வாயால் சொல்லாதே. பிள்ளைகளை அந்த நோட்டில் எழுதாதே. அவர்கள் மண்ணில் விளையாடட்டும், யானை பிடிக்கட்டும், ஆர்டருக்கு உட்கார வைக்காதே. மாதத்தில் ஒரு ஞாயிறையாவது விற்பனைக்கு இல்லாத நாளாக வை. அன்றைக்கு மாப்பிள்ளை மண் பிசையாமல் சக்கரத்திலேயே உட்கார்ந்திருக்கட்டும், ஒன்றும் சொல்லாதே.

அடுத்து என்ன சொல்லப்போகிறாய் என்பதும் தெரியும். “மொதல்ல கொறச்சு வித்துப் பேர் வாங்கிக்கறோம், அப்புறம் ஏத்திக்கறோம்.” 60-க்கு வாங்கினவர் 180-க்குத் திரும்பி வரமாட்டார், ஏமாற்றிவிட்டதாகத்தான் நினைப்பார். அதுகூடப் பரவாயில்லை. நீ குறைத்து விற்றால் அடி வாங்கப்போவது வேறொருவர், அதைத்தான் நீ யோசிக்கவில்லை. மாப்பிள்ளைக்குச் சம்பளம் வருகிறது. டம்ளரில் நட்டம் வந்தாலும் உன் வீட்டில் உலை கொதிக்கும். உன் தெருவுக்கு நாலு தெரு தள்ளி, கார்த்திகைக்கு அகலும் தைக்குப் பொங்கல் பானையும் செய்து விற்கிற குடும்பத்துக்கு அந்தச் சம்பளம் இல்லை. ஏரியில் களிமண் எடுக்க அவர்கள் தாலுகா ஆபீசில் அனுமதி வாங்க வேண்டும். மழை பிடித்தால் பானை காயாது, சூளை வைக்க முடியாது. நல வாரியத்தில் பதிந்தவர்களுக்கு மழைக்கால உதவியாக அரசு 5,000 ரூபாய் கொடுக்கிறது, அதில் எத்தனை நாள் ஓடும்? அப்படிப்பட்டவர் பக்கத்தில் நீ போய், மேலே பூ வரைந்த அகலை அவர் விலைக்கே வைத்தால், வாங்குகிறவர்கள் உன்னிடம்தான் வருவார்கள். நீ பொழுதுபோக்குக்குக் கொடுத்த தள்ளுபடியை அவர் வயிற்றிலிருந்து எடுத்துக் கொடுத்ததாகிவிடும்.

அதனால் இதைக் கட்டளையாகவே சொல்கிறேன். அகல் செய்யாதே, பொங்கல் பானை செய்யாதே. மாரியம்மன் நோன்புக்குப் பூவோடு, கல்யாணத்துக்கு அரசாணிப் பானை, இவற்றின் பக்கமே போகாதே. அவை அவர்கள் கையில் இருக்கட்டும். உன் வீட்டுக்கு வேண்டியதையும் அவர்களிடமே வாங்கு, பேரம் பேசாமல் வாங்கு. நீ செய்ய அவர்கள் செய்யாத பொருள் நிறைய இருக்கிறது. அவர்களிடம் கற்றுக்கொள்ளவும் நிறைய இருக்கிறது. எந்த ஏரி மண் விரியும், எதில் மணல் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதெல்லாம் உன் செல்போனில் கிடைக்காது. கேட்டுப் போனால் அன்றைய கூலியைக் கையில் கொடுத்துவிட்டுக் கேள். சும்மா வேடிக்கை பார்க்கிற மாதிரி நின்று தொழிலைத் தெரிந்துகொள்வது நமக்கு அழகில்லை.

“180 ரூபாய்க்கு யார் வாங்குவாங்க? எவர்சில்வர் டம்ளரே அதைவிடச் சல்லிசு” என்கிறாய். எவர்சில்வர் வேண்டுமென்பவர் உன்னிடம் வரவேண்டியதில்லை. கையால் வனைந்ததைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்று ஓர் இடம். 1971-இல் அமெரிக்காவிலிருந்து வந்த டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் தொடங்கியது. ரே சூளை கட்டினார், வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். டெபோரா உற்பத்தியைப் பார்த்துக்கொண்டார். உள்ளூர்த் தமிழ் ஆட்களைப் பழக்கி, கோப்பை, தட்டு, கெட்டில் என்று அன்றாடம் சாப்பிடுகிற பாத்திரங்களை வருசக்கணக்கில் ஒரே தரத்தில் செய்தார்கள். அங்கே படித்தவர்கள் பலர் அக்கம்பக்கத்திலேயே பட்டறை போட்டார்கள். இன்றைக்குப் புதுச்சேரி, ஆரோவில் பக்கம் இத்தனை பட்டறைகள் இருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

குடும்பமாகச் செய்தவர்கள் வேண்டுமா? டெல்லியில் குர்சரண் சிங் இருந்தார். இளம் வயதில் ஜப்பான் போய் மண் வேலை கற்று வந்தவர். 1952-இல் டெல்லி புளூ பாட்டரியைத் தொடங்கினார். 1991-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் மகன் மன்சிம்ரன் சிங்கும் மருமகள் மேரியும் இமாச்சலப் பிரதேசத்தில் அந்த்ரேட்டா என்கிற சின்னக் கிராமத்தில் பட்டறை வைத்தார்கள். செம்மண் பாத்திரம், அதன்மேல் வெள்ளை மண்குழம்பால் இழுத்த கோடுகள். அவ்வளவுதான் அவர்கள் சரக்கு. பார்த்தவுடன் அந்த்ரேட்டா என்று சொல்லிவிடலாம்.

இந்த இரண்டு இடத்திலும் நீ பார்க்க வேண்டியது, அவர்கள் செய்ததையே திரும்பத் திரும்ப ஒரே மாதிரி செய்தார்கள் என்பதுதான். உன் கடிதத்தில் நான் எண்ணிப் பார்த்தால் டம்ளர், தட்டு, பூச்சாடி, தோடு, சாம்பிராணிக் கூண்டு, பறவைக்குத் தண்ணி வைக்கிற கிண்ணம், யானை என்று ஒரு பொருட்காட்சியே இருக்கிறது. ஒவ்வொன்றிலும் நாலு செய்திருக்கிறாய், நாலும் நாலு அளவு. விளையாட்டுக்கு அது சரி. வாங்கினவர் ஆறு மாதம் கழித்து வந்து “ஒன்னு உடைஞ்சுபோச்சு, அதே மாதிரி இன்னொன்னு குடுங்க” என்பார். கொடுக்க முடியாவிட்டால் அத்தோடு அவர் வரமாட்டார். ஒரு பொருளை எடு. ஏற்காடு பக்கத்திலேயே இருக்கிறது, மலையில் காப்பி விளைகிறது, தங்குகிற விடுதிகள் நிறைய இருக்கின்றன. 150 மில்லி பிடிக்கிற ஒரு காப்பிக் கோப்பை. வருசம் முழுக்க அதை மட்டும் செய். சலிப்பாக இருக்கும். அந்தச் சலிப்பைத் தாண்டினால்தான் கை நிற்கும்.

அளவு என்றதும் சுருக்கத்தைச் சொல்ல வேண்டும். மண் காயும்போது ஒரு தடவை சுருங்கும், சூட்டில் இன்னொரு தடவை சுருங்கும். எவ்வளவு என்பது மண்ணுக்கு மண் மாறும். ஈர மண்ணில் ஒரு பட்டை தட்டி, அதில் 10 சென்டிமீட்டருக்குக் கோடு கிழித்து, சுட்டபின் அளந்து பார். 8.8 ஆகியிருந்தால் 100-க்கு 12 சுருக்கம். அப்போது 10 சென்டிமீட்டர் உயரக் கோப்பை வேண்டுமென்றால் ஈரத்தில் 11.4 வனைய வேண்டும். மண் மாற்றும்போதெல்லாம் இந்தப் பட்டையைச் சுட்டுப் பார்த்துவிட்டு ஆரம்பி.

மண்ணைப் பற்றி இன்னொன்று. இது முக்கியம், நிதானமாகப் படி. கடையில் வாங்குகிற மண்ணோடு நம் ஏரி மண்ணையும் கலந்து பார்க்கப்போவதாக எழுதியிருக்கிறாய். நல்ல யோசனை. ஆனால் நம் பக்கத்து மண்ணில் பல இடங்களில் சுக்கான்கல் துணுக்கு கிடக்கும். பச்சை மண்ணில் அது கண்ணுக்கே படாது. சூளையில் அது சுட்ட சுண்ணாம்பாக மாறிவிடும். பாத்திரம் அழகாகத்தான் வெளியே வரும். அப்புறம் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சி அந்தத் துணுக்கு உப்ப ஆரம்பிக்கும். பத்து நாள் கழித்து, வாங்கினவர் அலமாரியில் இருக்கும்போது, மேல்தோல் சில்லாகத் தெறித்து விழும், நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு தெரியும். அவர் அதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவார். ஆகவே மண்ணைத் தண்ணீராகக் கரைத்து நெருக்கமான சல்லடையில் சலி. புது மண்ணில் செய்த முதல் சூளையை உடனே விற்காதே; இரண்டு வாரம் வீட்டிலேயே வைத்திருந்து பார். அவசரப்பட்டு இந்த இரண்டு வாரத்தைத்தான் நீ முதலில் வெட்டுவாய் என்று எனக்கு ஒரு பயம்.

காயவைப்பதிலும் உனக்கு அவசரம். சித்திரை வெயிலில் சேலத்தில் துணியே அரை மணியில் காய்கிறது, கோப்பை காயாதா என்று மொட்டைமாடியில் வைப்பாய். விளிம்பு முந்திக்கொண்டு காயும், அடி ஈரமாக இருக்கும், நடுவில் விரிசல் ஓடும். நிழலில் வை, முதல் நாள் பிளாஸ்டிக் தாள் போட்டு மூடு, கைப்பிடி ஒட்டிய இடத்தில் ஈரத்துணி சுற்று. ஐப்பசி, கார்த்திகையில் கதை நேர்மாறு. வெளியே காய்ந்ததுபோல இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். அப்படியே சூளையில் வைத்தால் 100 டிகிரியைத் தாண்டும்போது உள்ளே இருக்கிற தண்ணீர் ஆவியாகிப் பாத்திரத்தையே வெடிக்க வைக்கும், பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து. கன்னத்தில் வைத்துப் பார். சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. 573 டிகிரியில் மண்ணுக்குள் இருக்கிற குவார்ட்ஸ் சட்டென்று உப்பும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். அந்த இடத்தை ஏறும்போதும் இறங்கும்போதும் மெதுவாகத் தாண்டு. சூளையை ஆவலில் பாதியில் திறந்து பார்க்கிற பழக்கம் உன் வீட்டில் யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அந்த ஆளிடம் சொல்லிவை.

நீ பாக்கெட்டில் வாங்குகிற ஃபெல்ஸ்பாரும் குவார்ட்ஸும் நாமக்கல், கரூர் பக்கத்து மண்ணிலேயே தோண்டுகிற கல்தான். அது பக்கத்து ஊர்க்கல் என்பதற்காகப் பயமில்லாமல் அளையக் கூடாது. கிளேஸ் பொடியிலும் காய்ந்த களிமண்ணிலும் இருக்கும் மிக நுண்ணிய சிலிக்கா தூசு வருசக்கணக்கில் மூச்சோடு போனால் நுரையீரல் கெட்டுவிடும், கெட்டது திரும்பாது. நடையில் உட்கார்ந்துகொண்டு மண்ணைக் காயவைத்துச் சலிப்பதாக எழுதியிருக்கிறாய், அதை நிறுத்து. ஈரமாகவே சலி. அந்த இடத்தை விளக்குமாறு போட்டுக் கூட்டாதே, ஈரத்துணியால் துடை. பொடி கலக்கும்போது நல்ல முகக்கவசம் போடு, பிள்ளைகள் பக்கத்தில் வரக் கூடாது. வேலைக்குக் கட்டிய புடவையோடு போய்ச் சின்னவளைத் தூக்காதே. சூளையும் வீட்டுக்குள் வேண்டாம், காற்றோட்டமான தாழ்வாரத்தில் இருக்கட்டும். இந்த ஒரு பத்தியில் சொன்னதில் எதையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதே, அம்மிணி.

சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு ஈயம் சேர்ந்த கிளேஸ் கூடவே கூடாது. கடைக்காரர் பளபளப்பாக இருக்கும் என்று சொன்னாலும் பாக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார். அடர்சிவப்பு, ஆரஞ்சு நிறங்களில் காட்மியம் இருக்கலாம். அவற்றைப் பூச்சாடிக்கு வைத்துக்கொள். விற்பதற்கு முன் ஒரு கோப்பையைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பி, ஈயமும் காட்மியமும் கசிகிறதா என்று எழுத்தில் வாங்கிவிடு. அந்தச் செலவையும் அடக்கத்தில் சேர்.

அரசாங்கப் பதிவு வேலை நீ பயப்படுகிற அளவுக்கு இல்லை. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. யாராவது பணம் கேட்டால் கொடுக்காதே. மாநிலத்துக்குள் சரக்கு விற்கிறவர்களுக்கு வருசத்துக்கு 40 லட்சம் ரூபாய் வியாபாரம் வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. நீ அந்த இடத்துக்கு வரும்போது நானே ஆடிட்டரைப் பார்த்துக் கொடுக்கிறேன். கரண்டை மட்டும் வீட்டு மீட்டரில் சத்தமில்லாமல் இழுக்காதே. மின்வாரிய ஆபீசில் குடிசைத் தொழில் இணைப்பைப் பற்றிக் கேள், சூளை எத்தனை கிலோவாட் என்பதை எழுதிக் கொண்டுபோ. கடனுக்குக் கலைஞர் கைவினைத் திட்டம் என்று ஒன்றை அரசு 2025 ஏப்ரலில் தொடங்கியது: 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், உச்சமாக 50,000 ரூபாய் மானியம். தொடங்கியபோது 35 வயது ஆகியிருக்க வேண்டும் என்றார்கள், அதனால் மாப்பிள்ளை பெயரில்தான் முடியும் என்று நினைக்கிறாயா? மாவட்டத் தொழில் மையத்தில் இப்போதைய நிலவரம் கேட்டுவிட்டு முடிவு செய். என்னைக் கேட்டால் முதல் வருசம் கடனே வேண்டாம். இருக்கிற சக்கரமும் சூளையும் போதும்.

கட்டி அனுப்புவதற்கு அட்டைப்பெட்டி விற்கிற பெரிய கடையைத் தேடாதே. நாமக்கல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 30 முட்டை பிடிக்கிற அட்டைத் தட்டுக்கு யோசிப்பார்களா? கோப்பைக்கு அடியிலும் மேலேயும் அதை வை, சுற்றி வைக்கோல். பெட்டியைக் குலுக்கிப் பார், உள்ளே சத்தம் கேட்டால் பிரித்து மறுபடி கட்டு. உள்ளே ஒரு சீட்டு வை: நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது, கொதிக்கிற காப்பியை ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த கோப்பையில் ஊற்றக் கூடாது. எழுதாவிட்டால் ஒருவராவது அடுப்பில் வைப்பார்.

யார் பெயரை அடியில் கீறுவது என்று கேட்டிருந்தாய். ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறதே, அங்கே தோண்டியெடுத்த பானை ஓடுகளில் 2,000 வருசத்துக்கு முந்தைய தமிழ் எழுத்தில் ஆட்களின் பெயர் கீறியிருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை பானையைச் சுட்ட பிறகு கீறியவை, வைத்திருந்தவர்கள் பெயர் என்கிறார்கள். வனைந்தவர் யார் என்பது அதில் தெரியாது. அந்தப் பானைக்கு மண் மிதித்தவர் யார் என்று யாரைக் கேட்பது? நீ ஈரத்திலேயே கீறு. மாப்பிள்ளை பெயரைப் போட்டால் கம்பெனி மாதிரி இருக்கும் என்கிறாய். கம்பெனி மாதிரி இருக்க வேண்டாம். வீட்டுக்கு ஒரு குறி, அதன் பக்கத்தில் அந்தக் கோப்பையை வனைந்தவரின் முதல் எழுத்து, அந்தச் சூளைக்கு மண் சலித்தவரின் முதல் எழுத்து. சம்பந்தியம்மா எழுத்து எல்லாக் கோப்பையிலும் இருக்கும் என்று நினைக்கிறேன். உத்யம் பதிவை உன் பெயரில் எடு, கணக்கு நோட்டு உன்னிடம்தானே இருக்கப்போகிறது.

கடைசியாகச் சொந்தக்காரர்கள். சீர், காதுகுத்து, வீடு புகுதல் என்று வரும்போது “நம்ம அம்மிணி செய்யறதுதானே” என்று பத்து, இருபது கேட்பார்கள். காசு கொடுக்க நினைப்பவரையும் நீயே தடுத்து, “போங்க, உங்ககிட்டக் காசா” என்பாய். உன் வாயை எனக்குத் தெரியாதா? பரிசாகக் கொடுக்க நினைத்தால் கொடு, ஆனால் அதையும் நோட்டில் 180 என்று உன் செலவாக எழுது. மற்றவர்களிடம் விலையைச் சொல். முதலில் கொஞ்சம் முகம் சுளிப்பார்கள், பிறகு பழகிவிடும்.

நான் முதல் ஆளாக ஆரம்பித்து வைக்கிறேன். அடுத்த சூளையில் ஆறு கோப்பை எனக்கு வேண்டும், எல்லாம் ஒரே அளவில். 1,080 ரூபாய், பார்சல் செலவு தனி. சித்தி என்று ஒரு ரூபாய் குறைத்து எழுதினாலும் பெட்டியைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன்.

சம்பந்தியம்மாவுக்கும் மாப்பிள்ளைக்கும் என் அன்பைச் சொல். சின்னவளின் யானையை யாருக்கும் விற்காதே.

அன்புடன்,
சித்தி